மழையில் நனைந்த மரவள்ளிக் குச்சிகள்

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தார்ச்சாலையின் ஓரத்தில் எங்கள் ஆலை இருக்கிறது. ஆலை என்று சொல்லவே எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி இரும்புச் சட்டத்தில் நிற்கும் சில குழாய்கள், பின்னால் சுற்றுச்சுவருக்குள் ஒரு தொட்டி. பஸ்ஸில் போகிறவர்கள் அரிசி மில் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் நான் வேலை பார்த்தது மேற்குக் கடற்கரையில், இயற்கை எரிவாயுவிலிருந்து மெத்தனால் எடுக்கும் பெரிய தொழிற்சாலையில். அங்கே ரியாக்டரின் உச்சிக்குப் போக லிஃப்ட் உண்டு. இங்கே ரியாக்டர் என்னைவிட ஒரு முழம்தான் உயரம்.

என் கணவர் பல் மருத்துவர், தருமபுரிக்காரர். சொந்த ஊரில் கிளினிக் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்குப் பின்னால் நானும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஏதாவது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கலாம் என்றுதான் எண்ணம். ஆனால் வந்து வீட்டுச் சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள், கணவரிடம் பல் கட்டிக்கொள்ள வந்த ஒருவர், "உங்க வீட்டம்மா மெத்தனால் பிளான்ட்ல இருந்தாங்களா? நாளைக்கே என்னை வந்து பாக்கச் சொல்லுங்க" என்றாராம். அவர்தான் எங்கள் சார். உர ஆலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கொட்டகையைப் போட்டிருந்தார்.

"இந்த ஜில்லா முழுக்க மரவள்ளிக் குச்சி, மாங்கொட்டை, புளியங்கோது, எல்லாம் சும்மா எரியுது. எரியறதுக்கு முன்னாடி நாம அதை வாங்கிடணும்" என்றார் சார். அவ்வளவுதான் அவருடைய நேர்முகத் தேர்வு.

எங்கள் வேலையை யார் கேட்டாலும் நான் சமையலாகத்தான் சொல்வேன். விறகை முழுக்க எரியவிட்டால் கிடைப்பது சாம்பலும் புகையும். எரியத் தேவையானதில் கொஞ்சம் மட்டும் ஆக்சிஜன் கொடுத்து, நீராவியும் சேர்த்து உலையில் வாட்டினால் விறகு அப்படியே வாயுவாகிவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. அதைக் கழுவி, தூசியும் தாரும் நீக்கி, கம்ப்ரசரில் போட்டு நெருக்கி, செம்பு கலந்த வினையூக்கி நிரப்பிய குழாய்க்குள், அதாவது ரியாக்டருக்குள், அனுப்ப வேண்டும். மறுமுனையில் குளிரவைத்தால் சொட்டுச் சொட்டாக மெத்தனால் இறங்கும். தண்ணீர் மாதிரி இருக்கும் எரிபொருள். என்ஜினில் ஊற்றினால் ஓடும், அடுப்பில் ஊற்றினால் எரியும்.

வினையூக்கி சின்னச் சின்னக் கருப்பு மாத்திரைகளாக வரும். அதை ரியாக்டரில் நிரப்பி, மெதுவாகச் சூடேற்றி, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் உருகிக் கெட்டுவிடும். பெரிய ஆலையில் இதையெல்லாம் கட்டுப்பாட்டு அறையின் திரையில்தான் பார்த்திருந்தேன். இங்கே நானும் சாரும் குழாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் கத்துகிற சின்னக் கருவி இருவர் சட்டையிலும் செருகியிருந்தது. முதல் சொட்டு கண்ணாடிக் குப்பியில் விழுந்தபோது சார் எழுந்து நின்றார். கொஞ்சத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து, நீளமான லைட்டரால் பற்ற வைத்தார். தீ கண்ணுக்குத் தெரியவில்லை. மெத்தனால் தீ அப்படித்தான், பகல் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும். தட்டுக்கு மேலே ஒரு பழைய பேப்பரை இடுக்கியில் பிடித்துக் காட்டினார். அது பக்கென்று பற்றிக்கொண்டது. சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு வாரம் போவதற்குள் சொட்டு மெலிந்தது. பிறகு நின்றே போனது. வினையூக்கி செத்துவிட்டது. புதிதாக நிரப்பினோம். அதுவும் அப்படியே. கந்தகம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, அதைப் பிடித்துக்கொள்ளும் துத்தநாக ஆக்சைடு படுகை ஒன்றை நடுவில் வைத்தோம். பெரிய மாற்றமில்லை. இதற்கிடையில் உலையின் அடித்தட்டில் சாம்பல் உருகிக் கட்டி கட்டியாகக் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். உலையை ஆறவைத்து, கடப்பாரையால் குத்திப் பெயர்க்க வேண்டும். சார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸிலேயே மிச்சம் வைக்க ஆரம்பித்தார்.

எங்களுக்குக் குச்சி கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி மாதம் வடக்கே போய்விடுவார். கிழங்கு விளையும் காடு, மாடு, கூலியாள், எல்லாம் அக்காதான். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியதும் கிழங்கு மாவு மில்லுக்குப் போய்விடும், குச்சி நின்றுவிடும். அடுத்த நடவுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மீதியை வரப்போரமாகப் போட்டுக் கொளுத்துவதுதான் வழக்கம். நாங்கள் குச்சி வெட்டும் மிஷினை அவர் களத்துக்கே கொண்டுபோய், அங்கேயே சின்னத் துண்டுகளாக்கிக் குவித்து, மழை படாமல் பெரிய தார்ப்பாய் போட்டு மூடுவோம். ஈரம் ஆகவே கூடாது என்பதில் நான் கறார். "குச்சிக்குப் போத்தி விடற அளவுக்கு எம்புள்ளைக்குக்கூட நான் போத்தி விட்டதில்லைங்க மேடம்" என்பார் அக்கா.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. களத்துக்குப் போனால் மோர் கொடுக்காமல் விடமாட்டார். அவருடைய தம்பி பக்கத்து வீட்டிலேயே இருந்தார். பசுமாடுகள் வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருக்குக் கண் தெரியாது என்பது நான் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு இயல்பாகக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார்.

ஐப்பசி தொடங்கும் நேரம் அது. புரட்டாசியில் பிடுங்கிய காட்டின் குச்சி முழுவதும் துண்டாகி அக்காவின் களத்தில் குவிந்திருந்தது. ஒரு நாள் காலை எங்கள் வாசலில் மதுவிலக்குப் பிரிவின் ஜீப் வந்து நின்றது. மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும், அவ்வப்போது வந்து சரிபார்ப்பார்கள். எல்லாம் முறையாகவே இருந்தது. தொட்டியைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். ஆனால் ஜீப் நின்றதை ஊர் பார்த்துவிட்டது. சாயங்காலத்துக்குள், கம்பெனியில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்ற பேச்சு டீக்கடையிலிருந்து கிளம்பி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

மறுநாள் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏங்க மேடம், போர்டுல மெத்தனால்னு எழுதியிருக்காமே. விஷம்னு போட்டிருக்காமே. அது சாராயமா?"

"சாராயம் இல்லைங்கக்கா. அதே வகையைச் சேர்ந்தது. ஆனா குடிக்கவே கூடாது. குடிச்சா உயிர் போயிரும், இல்லைன்னா கண்ணு போயிரும். இது எரிக்கிறதுக்கு மட்டும்தான்."

அவர் முகம் மாறியது. "கண்ணு போயிருமா?"

"ஆமாங்கக்கா. கள்ளச்சாராயத்துல விஷம்னு சொல்றாங்களே, அது பெரும்பாலும் இதைக் கலக்கறதாலதான்."

அவர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிட்டேன். கையை மட்டும் வேண்டாம் என்பதுபோல் அசைத்தார்.

அடுத்த நாள் ஒரு டிராக்டர் வந்து எங்கள் தார்ப்பாய்களை மடித்தபடியே கேட்டுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனது. மற்ற காடுகளிலிருந்தும் குச்சி வருவது நின்றது. அன்று மதியமே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. அந்த ஐப்பசி முழுக்க மழை. அக்காவின் களத்தில் மூடாமல் கிடந்த குவியல் நனைந்துகொண்டே இருக்கிறதே என்று வீட்டில் புலம்பினேன். நான் ஏன் குச்சிக்காக வருந்தினேன், அவருக்கு என்ன ஆயிற்று என்று ஏன் முதலில் யோசிக்கவில்லை என்று கணவர்தான் கேட்டார். சாப்பாட்டு மேஜையில், சாதாரணமாக. "அவங்க தம்பிக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு கேட்டியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரமாகப் பார்த்துத் தனியாகக் கிளம்பிப் போனேன். அக்கா காட்டில் இருந்தார். மாட்டுக் கொட்டகையில் தம்பி பால் கறந்துகொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும், "கம்பெனி மேடமா? சேத்துல பாத்து வாங்க" என்றார்.

நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"எங்கக்கா சொல்லுச்சு. அந்தச் சரக்கைத்தான் நீங்க செய்யறீங்களாம்."

"ஆமாங்க."

"எனக்கு அப்ப கல்யாணம் நிச்சயமான வயசு. கூட்டாளிங்க நாலு பேரு. ஒருத்தன் வாங்கியாந்தான். ருசி ஒண்ணும் வித்தியாசமா இல்லைங்க. காலையில எந்திரிச்சு, என்னடா இவ்வளவு பனி மூட்டமா இருக்குதுன்னேன். எங்கக்கா, வெயில் சுள்ளுனு அடிக்குதுடான்னா. அவ்வளவுதான். கூட குடிச்சவன்ல ஒருத்தன் ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டான்."

மாட்டின் மடியிலிருந்து பால் சொம்பில் விழும் சத்தம் நிற்கவே இல்லை. அவர் குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. பல முறை சொல்லிப் பழகிய குரல்.

"இதைச் செய்யாம விட்டுட்டா என்னங்க?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். பெட்ரோலும் டீசலும் எங்கிருந்தோ கப்பலில் வருவதை, வரப்போரத்தில் வீணாக எரியும் குச்சியில் அந்த எரிபொருள் இருப்பதை, பெயின்ட்டிலிருந்து பிளைவுட் வரைக்கும் மெத்தனால் வேறு பெயர்களில் நம் வீடுகளில் இருப்பதை. ஆபத்து அதைச் செய்வதில் இல்லை, அது வெளியே திருட்டுப் போவதில்தான் இருக்கிறது என்பதையும்.

அவர் சொம்பைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார். "நான் வந்து பாக்கலாமா?"

"தாராளமா வாங்க."

"பாக்கறதுன்னா, தொட்டுப் பாக்கறது" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரமே அக்காவும் அவரும் வந்தார்கள். அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் வெளியே ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். உலை ஆறிக் கிடந்ததால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட முடிந்தது. உலையின் கதவு, வாயுவைக் கழுவும் தொட்டி, கம்ப்ரசர், கடைசியாக ரியாக்டர். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பார்த்தார். "இம்மாத்தூண்டா?" என்றார். சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அவருக்கு மிஷினில் பெரிய ஆர்வமில்லை. பூட்டுகளில்தான் ஆர்வம். தொட்டி அறையின் பூட்டைத் தடவிப் பார்த்தார். சாவி யாரிடம் என்று கேட்டார். இரவில் யார் காவல் என்று கேட்டார். மாதிரி எடுக்கும் சின்னக் குழாய் ஒன்று ரியாக்டருக்குக் கீழே உண்டு. அதைக் காட்டும்போது, "இதுக்கு மட்டும் பூட்டு இல்லைங்க, அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும்" என்றேன். "அப்ப இதுக்குத்தான் மொதல்ல போடணும்" என்றார். அன்று சாயங்காலமே அதற்குப் பூட்டுப் போட்டோம்.

பிறகு சார் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்தார். தொட்டிக்குப் போகும் மெத்தனாலில் நாங்கள் கலக்கும் கசப்பு மருந்து. துளியூண்டு போதும், ஒரு பெரிய பீப்பாய் முழுக்கக் கசந்துவிடும். யாரும் தெரியாமல்கூட வாயில் வைத்து விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சேர்ப்பது.

"எவ்வளவு கசக்கும்?" என்றார் தம்பி.

"வேப்பங்காய் இதுக்கு முன்னாடி மைசூர்பாகு" என்றார் சார்.

"நாக்குல வெச்சுக் காட்டுங்க."

சார் யோசித்தார். பிறகு வெறும் குடிதண்ணீரில் மருந்தை இருந்த இடம் தெரியாத அளவுக்குக் கரைத்து, முதலில் தானே ஊசிமுனை அளவு விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அடுத்த நொடி அவர் முகம் போன போக்கை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. கண்ணை இறுக மூடி, தோளைக் குலுக்கி, இருமி, குழாயடிக்கு ஓடினார். அதுவரை வாய் திறக்காத அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"என்னக்கா ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார் தம்பி.

"அந்த சார் கொரங்கு மாதிரி குதிக்கிறாருடா" என்றார் அக்கா.

தம்பியும் விடவில்லை. தொட்டு வைத்தார். அவரும் குழாயடிக்கு ஓடினார், நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். இருவரும் மாறி மாறி வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். சர்க்கரை கொடுத்தேன், தயிர் கொடுத்தேன், எதற்கும் போகவில்லை. கடைசியில் தம்பி சுவரோரம் உட்கார்ந்து, கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு இது கலந்திருந்துச்சுன்னா, ஒரு வாய்க்கு மேல போயிருக்காதுங்க" என்றார்.

அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊரில் பால் ஊற்றும் நேரத்தில் எல்லாரும் சொசைட்டி முன்னால் கேனோடு கூடிவிடுவார்கள். அங்கேதான் தம்பி பேசினார். எங்களை வரச்சொல்லி அனுப்பியிருந்தார். சார் பேசத் தயாராகி வந்திருந்தார். ஆனால் தம்பி அவரைப் பேசவிடவில்லை.

"நான் குடிச்சது இதுதான்" என்று ஆரம்பித்தார். "அதனால எனக்குத்தான் இதைப் பத்திப் பேச வாயி இருக்குது. இவங்க அதைப் பூட்டி வெச்சிருக்காங்க. பூட்டை நான் தொட்டுப் பாத்தேன். அதுல கசப்புக் கலக்கறாங்க. அந்தக் கசப்பை நாக்குல வெச்சுப் பாத்தேன், ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. எவனாவது இதுமேல கைய வெச்சா, கம்பெனிக்காரங்க போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி நான் அவன் வூட்டுக்கு வந்துருவேன். குச்சி குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எங்கக்கா குடுக்கும்."

அக்கா அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கேனிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். மறுக்கவில்லை.

கார்த்திகையில் வெயில் வந்தது. அக்காவின் களத்துக் குவியலைப் பார்க்கப் போனேன். மழையில் ஊறி, கருத்து, மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, காளான் வாடை அடித்தது. "இதை என்னங்க பண்றது? எருக்குழியில தள்ளிரட்டுமா?" என்றார் அக்கா. நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் வேறு குச்சி வர இன்னும் நாளாகும், புது வினையூக்கியோ நிரப்பித் தயாராக இருந்தது. "காயவைம்மா, ஒரு ஓட்டம் ஓட்டிப் பாப்போம். போனாப் போகட்டும்" என்றார் சார். களம் முழுக்கப் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைத்தோம். அக்கா இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பலகையால் தள்ளிக்கொடுத்தார். வாடை போய், துண்டுகள் லேசாகிக் கலகலவென்று ஆனது.

உலையை ஏற்றினோம். முதலில் ஆச்சரியப்படுத்தியது சாம்பல். கட்டி பிடிக்கவில்லை. அடித்தட்டிலிருந்து பொலபொலவென்று திருநீறு மாதிரி விழுந்தது. கடப்பாரை மூலையிலேயே சாய்ந்து கிடந்தது. ஒரு வாரம் ஆயிற்று, சொட்டு மெலியவில்லை. இன்னும் ஒரு வாரம். சார் தினமும் காலையில் வந்ததும் வணக்கம் சொல்லாமல், "உயிரோட இருக்கா?" என்று கேட்பார். இருந்தது.

காரணம் தெரியாமல் சந்தோஷப்படுவது எனக்கு முடியாத காரியம். தம்பியின் மாட்டுக் கொட்டகைப் பரணில், அக்காவின் காட்டிலேயே விளைந்த பழைய குச்சி கொஞ்சம் நனையாமல் இருந்தது. அதையும் மழையில் ஊறியதையும் தனித்தனியாக வாலை வடிநீரில் ஊறப்போட்டேன். எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் எல்லா உப்பும் உண்டு, அதை நம்பி எந்தச் சோதனையும் செய்ய முடியாது. வடிகட்டிய நீரில் சில்வர் நைட்ரேட் சில துளி விட்டேன். நனையாத குச்சியின் நீர் சட்டென்று கெட்டி மோர் மாதிரி வெளுத்தது. மழைக் குச்சியின் நீர் லேசாக மங்கியதோடு சரி. குளோரின். நாங்கள் கந்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, செம்பைக் கொன்றுகொண்டிருந்தது குளோரின்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "கிழங்குக்கு என்ன உரம் போடறீங்க?"

"பொட்டாஷ் போடாம கெழங்கு எப்புடிங்க பெருக்கும்? எல்லாரும் போடறதுதான்."

கடையில் வாங்கும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. கிழங்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, மிச்சம் குச்சியில் தங்கிவிடுகிறது. பொட்டாசியம் சாம்பலை உருக்கிக் கட்டியாக்கியது, குளோரின் வாயுவோடு போய் வினையூக்கியைக் கெடுத்தது. ஐப்பசி மழை இரண்டையும் கழுவி மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டு குப்பிகளையும் சாரிடம் காட்டினேன். வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உர ஆலையில இத்தனை வருஷம் இதை மூட்டை மூட்டையா அனுப்பிக்கிட்டிருந்தேனேம்மா" என்றார். அன்று டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, என் பாக்ஸிலிருந்து ஒரு வடையையும் எடுத்துக்கொண்டார்.

செய்தியைச் சொல்ல அக்காவின் வீட்டுக்கே போனேன். விளக்கிச் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப நான் கோவப்பட்டதுதான் உங்க மிஷின ஓட வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க."

"அப்படித்தான்ங்கக்கா."

"அடுத்த தடவ எப்ப கோவப்படணும்னு முன்னாடியே சொல்லிருங்க" என்றார். உள்ளேயிருந்து தம்பி சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போது மழைக்குக் காத்திருப்பதில்லை. ஆலைக்குப் பின்னால் சிமென்ட் தொட்டிகள் கட்டியிருக்கிறோம். குச்சித் துண்டுகளை அதில் ஊறப்போட்டு, வடித்து, காயவைத்துத்தான் உலைக்கு அனுப்புகிறோம். ஊறிய தண்ணீரில் பொட்டாசியம் இருப்பதால் அது அளவு பார்த்து அக்கம்பக்கத்துக் காடுகளுக்கே பாய்கிறது. வாங்கும் உரம் அதனால் குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு பருவம் பார்த்தால்தான் நான் நம்புவேன். எங்கள் மெத்தனாலில் ஓடும் ஒரு ஜெனரேட்டர்தான் குச்சி வெட்டும் மிஷினுக்கு மின்சாரம் கொடுக்கிறது. மெத்தனால் அடுப்பு ஒன்றைத் தம்பியின் மாட்டுக் கொட்டகைக்குக் கொடுக்கலாமா என்று சார் ஒருமுறை கேட்டார். "கம்பெனியில இருக்கட்டுங்க சார். என் வூட்டுக்குள்ள வேணாம்" என்றார் அவர். சார் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நானும் இங்கேயே பழகிவிட்டேன். பெரிய ஆலையில் எத்தனையோ டன் மெத்தனால் என் கண் முன்னால் குழாய்க்குள் ஓடியிருக்கிறது, ஒரு சொட்டையும் நான் பார்த்ததில்லை. இங்கே மாதிரிக் குப்பியில் விழும் ஒவ்வொரு சொட்டும் எந்தக் காட்டுக் குச்சி என்று சொல்லிவிடுவேன். சாருக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. வினையூக்கியை மாற்றி, இதே வாயுவிலிருந்து எத்தனால் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அது இன்னும் கடினம், செம்பு போதாது, வேறு உலோகங்கள் வேண்டும், கிடைப்பதும் பல வகை ஆல்கஹால்கள் கலந்த கலவையாகத்தான் இருக்கும். சொன்னால் கேட்பதில்லை. மேஜை முழுக்கப் படம் வரைந்து வைத்திருக்கிறார்.

போன வாரம் சித்தேரி மலைப்பக்கம் போயிருந்தோம், அங்கே சாமைத் தாளும் மலைக்காட்டுச் சருகும் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க. அக்காவும் கூட வந்தார், மலை பார்த்து நாளாயிற்று என்று. பஸ் வளைவுகளில் ஏறும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சார் முன் சீட்டில் டிரைவரிடம் என்ஜினைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது. சாமைக் கதிர் அப்போதுதான் பழுத்துக்கொண்டிருந்தது, அறுக்க இன்னும் நாள் இருந்தது. இறங்கி நடந்து, ஒரு வீட்டில் கொடுத்த சாமைச் சோற்றையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டு, போன அறுப்பில் மிஞ்சிய தாளில் கொஞ்சத்தை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு மதிய பஸ்ஸைப் பிடித்தோம்.